படகுக்கு ரெண்டு பக்கம்

சதுரங்கப்பட்டினம் கரையில் எந்தப் படகைப் பார்த்தாலும் தணிகைவேல் கைபட்டதாகத்தான் இருக்கும். பேர் எழுதுவார், சுறா போடுவார், தாமரை போடுவார். பெயின்ட் அவர் சொன்னபடி கேட்கும். சொன்னபடி வராதது ஒன்றே ஒன்று, ஏழு வயது மகள் எழிலின் முகம். பத்துத் தடவை அவளை எதிரில் வைத்து வரைந்தாகிவிட்டது. ஒரு நிமிஷம் ஆடாமல் உட்கார்ந்தால்தானே! ஒரு தடவை அவர் மனைவி சங்கவி மாதிரி வந்தது. இன்னொரு தடவை சங்கவியின் அண்ணன் மாதிரி, மீசை ஒன்றுதான் குறை. எழிலோ, “என் பொறந்த நாளுக்குள்ள நைனா என்னை வரைஞ்சிடும்” என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். பிறந்த நாள் திங்கட்கிழமை. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதே திங்கட்கிழமைதான் ஜெகதீசனின் புதுப் படகும் தண்ணீரில் இறங்குகிறது. அவர் தன் மகள் சுவேதாவின் போட்டோவைத் தணிகைவேல் செல்போனுக்கு அனுப்பி, படகின் முன்பக்கம் அவள் முகத்தைப் போடச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தணிகைவேல் அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டார், சத்தியமாக. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார், முன்பல் விழுந்த வாயோடு அச்சு அசலாக எழில் சிரிக்கிறாள்!

ஜெகதீசன் மகளோடு வந்து பார்த்தார். “இன்னா மச்சான், எம் பொண்ணு எங்க? இது உன் பொண்ணாச்சே! அழிப்பா.”

தணிகைவேல் துணியைத் தின்னரில் நனைத்தார். கை எழவில்லை. அந்தப் பக்கம் எழில், “நான்தான்! நான்தான்!” என்று மணலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

“படகுக்கு ரெண்டு பக்கம் கீதுல்லப்பா?” என்றாள் சுவேதா. “அவ அந்தாண்ட, நான் இந்தாண்ட.”

ஜெகதீசன் தலையைச் சொறிந்தார். “சாயங்காலத்துக்குள்ள எம் பொண்ணு இந்தாண்ட வந்தாவணும். இல்லாங்காட்டி அதையும் அழிச்சிடு.”

தணிகைவேல் சாக்பீஸில் இரண்டு தடவை வரைந்து பார்த்தார். இரண்டு தடவையும் எழில்தான். பாவி மகள், எந்தப் பக்கம் போனாலும் வந்து நிற்கிறாளே!

எழில்தான் வழி சொன்னாள். “நான் எதிர்ல ஒக்காந்தா நான் வரவே மாட்டேனே நைனா. நான் ஒக்காந்துக்கறேன், நீ சுவேதாவப் போடு.”

பைத்தியக்கார யோசனை. ஆனாலும் காலி டிரம்மைக் கவிழ்த்து அவளை உட்கார வைத்தார். எழில் மூக்கு இப்படி, அப்போ இது அப்படி இருக்கக் கூடாது. எழில் புருவம் அப்படி, அப்போ இது வேற. இப்படி அவளைப் பார்த்துப் பார்த்து அவளை விலக்கிக்கொண்டே வந்தார்.

பொழுது சாய ஜெகதீசன் வந்தார். “யப்பா! எம் பொண்ணேதான்!” என்று தணிகைவேலைத் தூக்கியே விட்டார். கீழே இறங்கிய தணிகைவேல் படகைச் சுற்றி ஓடினார். அந்தாண்ட எழில், இந்தாண்ட சுவேதா. மறுபடியும் ஒரு சுற்று. சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது.

உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது. “நைனா, எழுந்துக்கலாமா?”

மூன்று மணி நேரமாக அவள் அந்த டிரம் மேலேயே இருந்தாள்.