காத்தோட்டிக்காய் வாங்காத வீடு

போன கிழமை சுன்னாகச் சந்தைக்குப் போயிருந்தேன். வாழைக்காயும் பூசணித் துண்டும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது, மரக்கறிக்கார அம்மா சாக்கின் ஓரத்தில் குவித்திருந்த காத்தோட்டிக்காயில் ஒரு கை அள்ளி, நான் கேட்காமலே பைக்குள் போட்டார்.

"எனக்கு உது வேண்டாமம்மா."

"ஏன் ஐயா வேண்டாம்? நாளையிண்டைக்கு அமாவாசையெல்லே. காசு வேண்டாம், கொண்டு போங்கோ."

"நான் ஆடி அமாவாசை பிடிக்கிறேல்லை."

அவர் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். "உந்த நரையோடை உங்களுக்கு அப்பா இருக்கிறாரோ?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் தேசிக்காய் விற்றவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காய் பைக்குள் கிடந்தபடி வீட்டுக்கு வந்துவிட்டது.

காத்தோட்டியை அறியாத தேசத்தில் இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் சொல்கிறேன். பற்றைகளில் முள்ளோடு படர்கிற கொடி அது. காய் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், அளவில் பச்சையாக இருக்கும். வெட்டினால் பச்சைக் கடுகை நசித்ததுபோல ஒரு மணம் மூக்கில் ஏறும். நல்ல கைப்பு. வருடம் முழுவதும் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடி அமாவாசை வந்தால் மட்டும் யாழ்ப்பாணத்துச் சந்தையெல்லாம் அதுதான். தகப்பனை இழந்தவர்கள் அன்று விரதமிருந்து, கடலில் மூழ்கி, தகப்பனுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு சாப்பிடுவார்கள். தகப்பன் உள்ளவனுக்கு அந்த விரதமும் இல்லை, அந்தக் கறியும் இல்லை. என் வயதில் காத்தோட்டிக்காய் தின்று பார்க்காத ஆம்பிளை எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த மணம் மட்டும் எனக்கு நல்ல பழக்கம். அப்பா தன்னுடைய அப்பாவுக்காக விரதம் பிடித்தவர். எங்கள் வீட்டில் இருந்து கீரிமலைக் கேணிக்கு நடந்தே போகலாம். அப்பா விடியக் கடலில் மூழ்கி, கேணியில் உப்புப் போகக் குளித்து, நகுலேசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஈரவேட்டியோடு வருவார். அதற்குள் குசினியில் காத்தோட்டிக்காய் அவியும். அம்மா படைத்து, காகத்துக்கு வைத்து, பிறகு அப்பாவுக்கு இலை போடுவார். ஒருமுறை நான் அந்தக் கறிக்குக் கையை நீட்டிவிட்டேன். சின்னப்பிள்ளை என்று நினைக்காதீர்கள். மீசை அரும்பிவிட்டது, புத்திதான் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அப்பா என் கையைத் தட்டிவிட்டார். "உது உனக்கில்லையடா. அப்பன் இருக்கிறவன் தின்னுற சாமான் இல்லை."

"அப்ப எப்ப தின்னலாம்?"

"வாயைக் கழுவடா!" என்று அம்மா குசினிக்குள் இருந்து கத்தினார்.

அப்பா சிரித்துக்கொண்டு சோற்றைக் குழைத்தார். "ஆறுதலாத் தின்னலாம் ராசா. என்ன அவசரம்?"

அப்பா புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்தவர். எனக்குத் தோட்டமும் சரிவரவில்லை, படிப்பும் சரிவரவில்லை. கணக்குப் பாடத்தில் இரண்டுமுறை கோட்டை விட்டவனை, யாரையோ பிடித்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கச் சேர்த்துவிட்டார்கள். அந்த வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். சீனி நிறுத்துக்கொண்டு நின்றபோதுதான் முதல் ஷெல் சத்தம் கேட்டது. வீட்டுக்கு ஓடி வந்தேன். காங்கேசன்துறைப் பக்கமிருந்து சனம் வீதியை நிறைத்துக்கொண்டு வந்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாங்களும் தெல்லிப்பழை தாண்டி மல்லாகம் வந்து, ஒரு கோயில் மடத்தில் இருந்தோம்.

அங்கே ஒரு மிடறு தண்ணீர் குடித்த பிறகுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. தலையில் கை வைத்தார்.

"இஞ்சேருங்கோ, மாடு கட்டினபடி நிக்குது! கண்டும் கட்டையிலைதான். தண்ணியில்லாமல் செத்துப்போகுமெல்லே. ஒருக்கால் போய் அவிட்டு விட்டிட்டு வாங்கோவன்."

அப்பா சைக்கிளை எடுத்தார். நான் கைபிடியைப் பிடித்தேன். "நான் போறன் அப்பா."

"உன்னைக் கண்டால் அது குத்த வரும். நீ அம்மாவோடை நில்லு. பொழுதுபட முன்னம் வந்திடுவன்."

பொழுதுபட்டது. அப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீதியில் வந்தவர்களை எல்லாம் மறித்துக் கேட்டோம். ஒருவரும் அப்பாவைக் காணவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் போகிற பாதையையும் மூடிவிட்டார்கள்.

சில நாள் கழித்து, ஆளில்லாத மாடுகள் கூட்டமாக வீதியால் வந்தன. அம்மா மடத்து வாசலில் இருந்து எழும்பி ஓடினார். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு எங்கள் மாடு. கழுத்துக் கயிறு நிலத்தில் இழுபட்டது. அம்மா மாட்டைப் பார்க்கவில்லை, கயிற்றின் நுனியைத்தான் எடுத்துப் பார்த்தார். இழுத்து அறுத்திருந்தால் தும்பு பிரிந்திருக்கும். நுனி முழுதாக இருந்தது.

"இது அறுத்துக்கொண்டு வரேல்லையடா. கட்டையிலை இருந்து அவிட்டு விட்டிருக்கு. அப்பா போய்ச் சேர்ந்திட்டார். சுகமாத்தான் இருக்கிறார்."

கன்றுக்குட்டி வரவில்லை. அதைப்பற்றி அம்மா அதன்பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை.

அந்தக் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். எங்கள் ஊர் ஆமித் தடைக்கு அப்பால் போய்விட்டது. தடையில் நிற்பவர்கள் மாறினார்கள், கொழும்பில் அரசாங்கம் மாறியது, எங்களுக்கு இடப்பட்ட பெயரும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் இடம்பெயர்ந்த ஆக்கள், பிறகு முகாம் ஆக்கள், கடைசியில் மீளக்குடியமர்ந்த ஆக்கள். சொந்த ஊரில் எங்களை என்ன பெயரால் கூப்பிட்டார்களோ, அதை எல்லாரும் மறந்துபோனார்கள். அம்மா மட்டும் ஒரு பெயரை விடவில்லை. அவர் ஒருவருடைய பெண்சாதி. விடியக் குளித்ததும் குங்குமச் சிமிழைத் திறந்து பெரிதாகப் பொட்டு வைப்பார். ஐப்பசியில் கேதார கௌரி விரதம் பிடித்து, கட்டின மனிசனுக்காகக் கையில் காப்புநூல் கட்டுவார். முகாமில் படைக்க அரிசி இல்லாத வருடத்திலும் நூல் கட்டினார்.

ஒருமுறை, ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார் வந்து மெல்லக் கதையெடுத்தார். "அம்மா, விதவை எண்டு பதிஞ்சால் மாசம் மாசம் ஏதும் உதவி எடுக்கலாம்."

"அவர் வந்து நிண்டு, என்னை ஆர் சாகடிச்சது எண்டு கேட்டால், மறுமொழி நீங்கள் சொல்லுவியளோ?"

விதானையார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிசன். பிறகு அந்தக் கதையை எடுத்ததேயில்லை.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கலியாணத்தன்றுதான் விளங்கியது. மாப்பிள்ளைத் தலைப்பாகை காதை மூடி, பாதிக் கதை கேட்காமல் நான் பொம்மை மாதிரி நிற்கிறேன். ஆராத்தி எடுக்கிற நேரம். மனிசன் உயிரோடு இருக்கிற பெண்கள்தான் எடுக்கவேண்டும். பெரியமாமி தாழ்ந்த குரலில் சொன்னது அந்தத் தலைப்பாகைக்குள்ளாலும் கேட்டது. "அவவை விடாதேங்கோ. உள்ளதோ இல்லையோ, ஆர் கண்டது?"

எனக்குக் கோபம் வந்து திரும்பினேன். அம்மாவைக் காணவில்லை. கூப்பிட ஆள் அனுப்பினேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாராம். வரமாட்டேன் என்றாராம். பிறகு தனியாகக் கேட்டேன்.

"ஏனம்மா? நீங்கள் எடுக்கக்கூடாதோ?"

"எடுக்கலாம். ஆனால் உவை சொல்லுறது சரியா இருந்தால்?" என்றார். "எனக்கு வாறது வரட்டும். பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது."

அம்மாவுக்குத் தன்னளவில் அப்பா உயிரோடு இருந்தார். எனக்கு ஆராத்தி எடுக்கிற அளவுக்கு மட்டும் அவர் உயிரோடு இருக்கவில்லை. இரண்டையும் ஒரு நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் எப்படிப் படுத்தெழும்பினாரோ, நகுலேசுவரருக்குத்தான் வெளிச்சம்.

ஆமி எங்கள் காணியைத் திருப்பி விட்டபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. நான் கிணற்றைத் தேடினேன். அம்மா பின்வளவுக்குப் போனார். மாட்டுக்கொட்டில் நின்ற இடத்தில் ஒரு பூவரசு, கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நின்றது. மாடு கட்ட அப்பா நட்ட பச்சைப் பூவரசங்கட்டை வேர் விட்டு மரமாகியிருந்தது. அம்மா அதன் அடியில் குந்தி, மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தார். என்ன தேடினார் என்று நான் கேட்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே அவருக்குப் பெரிய ஆறுதல் என்று முகத்தில் தெரிந்தது. புது வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது, பழைய வீடு நின்ற அதே இடத்தில்தான் போடவேண்டும் என்று நின்றார். "மாத்திக் கட்டினால் வாறவர் எங்கை எண்டு தேடுவார்?"

போன வருடத்துக்கு முதல் வருடம் ஐப்பசியில், விரதம் முடிந்து சில நாளில், அம்மா நித்திரையிலேயே போய்விட்டார். குளிப்பாட்டுகிற பெண்களில் ஒருவர் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பொட்டு வைக்கிறதோ, விடுறதோ?"

முற்றத்தில் நின்ற ஆட்கள் எல்லாரும் கதையை நிறுத்திவிட்டார்கள். பொட்டு வேண்டாம் என்றால் அப்பா அந்த இடத்திலேயே, என் வாயால், இறந்துபோவார். வை என்றால் ஊர் என்ன சொல்லும் என்றும் எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தேன். இடது கையில் புதுக் காப்புநூல், மஞ்சள் கூட மங்காமல்.

"வையுங்கோ. அவ வைக்கிற மாதிரிப் பெரிசா வையுங்கோ."

கூறைச்சேலையும் பொட்டுமாகத்தான் அம்மாவை அனுப்பினோம். சுடலைக்குப் போகிற வழியில் ஒருவர் இன்னொருவரிடம், "குடுத்து வைச்சவ, மனிசனுக்கு முந்திப் போட்டா" என்றார். உண்மையாகச் சொன்னாரோ பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது. அம்மா கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில். சாம்பல் கலயம் என் கையில். குருக்கள் ஐயா வயதானவர், குடும்பக் கதை எல்லாம் தெரிந்தவர். கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இவ்வளவு காலமாச்சு. தகப்பனாருக்கும் சேர்த்துச் செய்து விடுவமோ? அந்த ஆத்மாவும் பாவமெல்லே."

"அம்மாவைக் கேக்காமல் எப்பிடி ஐயா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் கையில் இருந்த கலயத்தைப் பார்த்தேன். ஐயாவும் பார்த்தார். பிறகு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

எனக்குப் பெரிய படிப்பில்லை. சாத்திரம் சொல்லத் தெரியாது. அப்பா அன்றைக்கே இறந்திருந்தால், இத்தனை ஆடி அமாவாசைக்கும் அவருக்கு ஒரு கை தண்ணீர் இறைக்காத பிள்ளை நான். மாட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று போன மனிசன் தானே தாகத்தோடு நிற்கிறாரோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர் எங்கேயோ உயிரோடு இருந்தால், நான் இறைக்கிற தண்ணீர்தான் அவரைச் சாகடிக்கும். இருந்தால் தொண்ணூறு வயது தாண்டியிருக்கும். அந்தளவு எனக்கும் விளங்கும். விளங்குவது வேறு, கடலில் இறங்கித் தண்ணீரைக் கையில் ஏந்துவது வேறு.

போன வருடம் அம்மாவின் முதல் வருடத்து ஆட்டைத் திவசம் முடியாதபடியால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருடம் அந்தச் சாட்டும் இல்லை. சந்தையால் வந்த பையை மனைவி அவிழ்த்து, காய்களைச் சுளகில் கொட்டினாள்.

"இதென்னப்பா?"

"அந்த அம்மா சும்மா போட்டுவிட்டா."

சுளகை ஓரமாக வைத்தாள். "மாமி இருக்குமட்டும் நான் ஒண்டும் கதைக்கேல்லை. இனியாவது மாமாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்கோவன். சமைக்கட்டோ?"

"கிடக்கட்டும்" என்றேன்.

அமாவாசையன்று விடிய, பக்கத்து வளவுச் சிவம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு படலையில் வந்து நின்றான். கேணிக்குப் போகும்போது வருடா வருடம் கூப்பிடுவான்.

"அண்ணை, இந்த முறையும் வரேல்லையோ?"

முந்தி அவன் இப்படிக் கேட்டதும் குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அம்மா காது குடுத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். "இல்லையடாப்பா, நீ போட்டு வா" என்று நான் சொன்ன பிறகுதான் சத்தம் திரும்பத் தொடங்கும். கொஞ்சநேரத்தில், ஒன்றுமே கேளாதவர்போல, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஆர் தம்பி கூப்பிட்டது?"

"ஆருமில்லையம்மா."

அவ்வளவுதான். அந்த மறுமொழி அவருக்கு அடுத்த ஆடி வரைக்கும் போதும்.

இந்த முறையும் சிவத்திடம், "இல்லையடாப்பா, நீ போட்டு வா" என்றுதான் சொன்னேன். அவன் போனான். கேணிக்குப் போகிற சனத்தின் கதைச்சத்தம் வீதியில் தேய்ந்துபோனது. நான் குசினிப்பக்கம் திரும்பினேன். சுளகில் காய்கள் வாடத் தொடங்கியிருந்தன. வாசலில் ஒருவரும் இல்லை.

"ஆருமில்லையம்மா" என்றேன்.