எட்டரை மணிக்கு விடியல் பாட்டு

எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் ஒரு பழைய செட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் இருந்தன. பாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் கோயிலை உபதேசியார் பார்த்துக்கொண்டார், செட்டை அப்பா பார்த்துக்கொண்டார். இருவரில் யார் பெரியவர் என்று அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் அப்பாவைத்தான் சொல்லியிருப்பேன். உபதேசியார் செபம் சொன்னால் இருபது பேர் எழுந்து நிற்பார்கள். அப்பா பாட்டுப் போட்டால் நாலு லயத்து வரிசை வீடுகளும் எழுந்துவிடும்.

அப்பாவிடம் ஐந்து கேசட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்: விடியல், அழைப்பு, நண்பகல், அந்தி, இரவு. விடியல் பாட்டு ஐந்தரை மணிக்கு. முதலில் ஒரு புல்லாங்குழல், பிறகு பெண்கள் கூட்டமாகப் பாடுவார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். பன்னிரண்டு மணிக்கு நண்பகல். அது திரிகால செப நேரம் என்பதால் மணியோசையுடன் தொடங்கும். பால் வாளியோடு இறங்கி வருகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அந்திப் பாட்டில் மேளம் கிடையாது. விளக்கு வைத்த நேரத்தில் மேளம் கேட்டால் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காது என்பது அப்பாவின் கட்சி. இரவுப் பாட்டு ஒன்றே ஒன்று, எட்டு மணிக்கு, சத்தத்தைப் பாதியாகக் குறைத்து.

லயங்களில் பாதிக்கு மேல் சைவக் குடும்பங்கள். அவர்களும் எங்கள் பாட்டைக் கேட்டுத்தான் பொழுது பார்த்தார்கள். முருகன் கோயில் திருவிழா வந்தால் பத்து நாளைக்குச் சாயந்தரங்களில் செட் அங்கே போய்விடும், அப்பாவும் கூடவே போய்விடுவார். அங்கேயும் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று அவர்தான் சொல்வார், பூசாரி தலையாட்டுவார். நேரம் தவறிப் பாட்டுப் போடுவது சோற்றில் தேத்தண்ணி ஊற்றுகிற மாதிரி என்பார் அப்பா. அப்படிப்பட்டவர்தான் ஒரு வருடத்துக்கு மேலாக, ஞாயிற்றுக்கிழமைதோறும், எல்லாரும் குளித்துச் சாப்பிட்டுப் பூசைச் சட்டை போட்டு நிற்கிற எட்டரை மணிக்கு, மறுபடியும் விடியல் பாட்டைப் போட வைத்தார். போட்டவள் நான்.

அம்மா அப்போது அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. அதிகாரிகள் வந்து அளந்து பார்த்து, ஆபத்தான இடம் என்று ஒரு பலகை அடித்துவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று அந்தப் பலகையில் எழுதியிருக்கவில்லை. கலவானைக்குப் போகிற றோட்டோரமாகப் பத்துப் பேர்ச் அளவில் சின்னக் காணித் துண்டு ஒன்று விலைக்கு இருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து அம்மா வந்தால் அது எங்களுடையது என்று பேசி வைத்திருந்தார்கள். அதனால் எனக்கு எட்டு வயது முடிந்ததும் அம்மா விமானம் ஏறினார்.

எனக்கு மூச்சு இழுப்பு வியாதி. அம்மா போன மூன்றாம் மாதம் ஒருநாள் கடை போனில் பேசினார். கோயிலுக்குக் கீழே, படிகள் முடிகிற இடத்தில், சிங்கள முதலாளி ஒருவரின் கடை இருந்தது. தோட்டத்தின் அந்தப் பக்கத்துக்கு அது ஒன்றுதான் போன். அம்மாவின் குரலைக் கேட்டதும் நான் அழ ஆரம்பித்தேன். அழுகை இழுப்பாகி, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தேன். அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. “அம்மாவுக்கு வேல கூட, புள்ள. லெட்டர் வரும்” என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு என் மேல் கோபம் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செட்டைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கைக்காசுக்குப் பால் வெட்டப் போவார். ஐந்தரைப் பாட்டைப் போட்டுவிட்டு மலையேறிவிட்டால் மதியம்தான் இறங்குவார். அதனால் எட்டரைப் பாட்டு இனிமேல் என் பொறுப்பு.

“அழைப்புதானேப்பா போடணும்?” என்று கேட்டேன். ஒன்பது மணிச் செபத்துக்குக் கூப்பிடுகிற பாட்டு அது. எனக்கும் சட்டம் தெரியும் என்று காட்ட வேண்டுமல்லவா?

“இல்ல. விடியல் போடு. ஒரு தடவ முழுசா ஓடட்டும். அப்புறமா அழைப்பு போடலாம். நீதான் போடணும், வேற யாரையும் தொட விடாத. ஒடம்பு முடியலன்னா போட வேணாம், செட்ட பூட்டியே வெச்சிரு.”

ஏன் என்று கேட்டேன். மாதா சொரூபத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “சொன்னத செய்யி” என்றார்.

செய்தேன். முதல் நாளே பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த அத்தை கோயில் வாசலில் நின்று சிரித்தார். “என்னாடி, ஒங்கப்பாவுக்கு இப்பதான் விடியுதா?” என்றார். அதன் பிறகு எந்த ஞாயிறும் அந்தக் கேள்வி இல்லாமல் போகவில்லை. பெண்சாதி இல்லாத வீட்டில் ஆண்பிள்ளைக்குப் பொழுது தெரியாது என்று ஒருவர் சொன்னார். என் வகுப்புப் பையன்கள் என்னைக் கண்டால் கொட்டாவி விட்டுக் காட்டினார்கள். அப்பாவிடம் சொன்னேன். “சிரிக்கட்டும், சிரிச்சா பல்லு கொட்டாது” என்றார். அவருக்கு அது சுலபம், அவர் மலையில் இருந்தார். வாசலில் நின்றவள் நான்.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். எட்டரைப் பாட்டு ஓடும்போதெல்லாம் கடை முதலாளி போன் ரிசீவரை எடுத்து ஜன்னல் கட்டையில், ஸ்பீக்கரைப் பார்த்தாற்போல வைத்துவிட்டுச் சீனி நிறுத்துக்கொண்டிருப்பார். நிம்மதியாக வியாபாரம் செய்ய விடாமல் யாரோ போன் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு எதற்கும் ஒரு விளக்கம் இருந்தது.

பாதர் வருகிற ஞாயிறு ஒன்று வந்தது. வழக்கமாக அவர் சாயந்தரம்தான் வருவார். அந்த முறை காலைப் பூசை என்றும் ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிடுவார் என்றும் உபதேசியார் அறிவித்தார். பாதர் படியேறி வரும்போது விடியல் பாட்டு ஓடினால் என்ன நினைப்பார்? இந்தச் செட்டைப் பார்த்துக்கொள்கிறவன் புத்தி கெட்டவன் என்றல்லவா நினைப்பார்? அப்பாவிடமிருந்து சாவியை வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால்? அப்பாவுக்கு அந்தச் சாவியை விட்டால் வேறு என்ன இருந்தது?

அன்று எட்டரைக்கு நான் செட்டைத் திறந்து விடியல் கேசட்டைக் கையில் எடுத்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு அழைப்பைப் போட்டேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று முழு மனதோடு நம்பினேன்.

பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதலாளி கடைக்கு வெளியே ஓடி வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினார். பாட்டு நன்றாக இருக்கிறது என்கிறார் போல என்று நானும் கையாட்டினேன். அந்தப் பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் படியேற ஆரம்பித்தார். “துவ! மேக்க நெவேய்! அர சிந்துவ தான்ன!” என்று கத்தினார். இது இல்லை மகளே, அந்தப் பாட்டைப் போடு என்று அர்த்தம். பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகிற மனிதருக்கு எங்கள் கோயில் பாட்டில் என்ன அக்கறை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் மேலே வந்து, மூச்சு வாங்க, பக்கத்தில் நின்று என்னைக் கேசட்டை மாற்ற வைத்துவிட்டு, மறுபடியும் கடைக்கு ஓடினார். ஜன்னலில் இருந்த ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக அதை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

மதியம் அப்பா இறங்கி வரும்போது முதலாளி றோட்டிலேயே காத்திருந்தார். இருவரும் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்பா மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்கு வந்து என்னைப் பார்த்து, “என்னா பாட்டு போட்ட புள்ள?” என்று மட்டும் கேட்டார்.

“அழைப்பு. பாதர் வர்றாருன்னு.”

“சரி” என்றார். அடிக்கவில்லை, ஏசவில்லை. அன்றைக்கு நண்பகல் பாட்டு பத்து நிமிடம் பிந்தியது. அப்பாவின் கையில் அப்படி நடந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சாயந்தரம் ஒரு தாளைக் கொடுத்து, நான் சுகமாக இருக்கிறேன் என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். என் இடது கையை அதில் வைத்து, சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் என்ன என்று எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. கொழும்பில் எனக்கு வேலை கிடைத்துக் கிளம்பிய வாரம், கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார். யார் மீதும் குறை சொல்கிற தொனியே அதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு வீட்டுச் சாவைச் சொல்ல மாட்டார்கள். இருந்த இடத்தில் அழுது என்ன ஆகப் போகிறது, ஒப்பந்தம் முடியட்டும் என்பார்கள். எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி வெளிநாட்டில் இருந்தபோது அவளுடைய மகன் ஆற்றில் போய்விட்டான். பிள்ளை சுகம், பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று ஆறு மாதம் அவளுக்குக் கடிதம் போனது. அவள் வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. அந்தக் கடிதங்களை எழுதிக் கொடுத்தது அம்மா.

அதனால் அம்மா யாருடைய ‘சுக’த்தையும் நம்பத் தயாராக இல்லை. அப்பாதான் வழி கண்டுபிடித்தார். நம் எட்டரை மணி அங்கே ஆறு மணி. வீட்டுக்காரர்கள் தூங்குகிற நேரம். குசினிப் போனில் பேசினால் அவர்களுக்குக் கேட்டுவிடும், ஆனால் கடைக்குப் போன் போட்டுவிட்டுப் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அம்மாவுக்கு அங்கே விடிகிற நேரத்துக்கு இங்கே விடியல் பாட்டை நான் போட வேண்டும். அந்தப் பாட்டு வந்தால் நான் சொந்தக் காலில் படியேறி வந்திருக்கிறேன் என்று அர்த்தம். வேறு ஆளை வைத்துப் போட மாட்டேன் என்று அப்பா மாதா முன்னால் சத்தியம் செய்து எழுதியிருந்தார். எனக்குச் சொன்னால் போன் பக்கத்தில் போய் நின்று அழுவேன், மறுபடியும் இழுப்பு வரும் என்பதால் சொல்லவில்லை. பாட்டு வராத இரண்டு ஞாயிறுகளில் எனக்குக் காய்ச்சல் இருந்ததாம். அடுத்த ஞாயிறு வரை அம்மா சாப்பாட்டைத் தொடவில்லையாம்.

பாதர் வந்த அன்றைக்குப் பாட்டு வந்தது, ஆனால் வேறு பாட்டு. அப்படியென்றால் செட்டின் முன்னால் வேறு யாரோ நிற்கிறார்கள். அம்மா போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். அப்பா டவுனுக்கு ஓடி அம்மாவை அனுப்பி வைத்த ஏஜன்சிக்காரரைப் பிடித்து, அங்கே ஆள் அனுப்பச் சொன்னார். வந்த ஆள் அம்மாவிடம், “புள்ள சுகம், நல்லா படிக்குது” என்றானாம். அம்மா தன் கையால் எழுதிக் கொடுத்த அதே வார்த்தைகள். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. நான் செத்துவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டார். என் கைக்கோடு போட்ட கடிதம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா அங்கே இல்லை.

ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருந்தது. பாதியில் வந்ததால் வரவேண்டிய சம்பளம் டிக்கெட்டுக்கே போய்விட்டது. காணியை வேறொருவர் வாங்கி வீடும் கட்டிவிட்டார். நாங்கள் மேலும் ஆறு வருடம் அந்த வெடிப்புக்குக் கீழேதான் இருந்தோம். மழை பிடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அந்த வருடங்களில் ஒருமுறைகூட, உன்னால்தான் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அம்மா வந்தது ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு. அப்பாவிடம் அந்த நேரத்துக்குப் பாட்டுக் கிடையாது. நான் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் சட்டை அலசிக்கொண்டிருந்தேன். றோட்டு வளைவில் பஸ் நின்று புறப்பட்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா படிகளில் ஏறி வந்தார், கையில் ஒரே ஒரு பை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வருகிற பெரிய பெட்டி எங்கே என்று நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

அம்மா என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். பையைக் கீழே போட்டுவிட்டு மெதுவாக வந்தார். என் ஈரக் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். தோளைத் தொட்டார், முழங்காலைத் தொட்டார். என்னைத் திருப்பி முதுகில் காதை வைத்து, வெகு நேரம் அப்படியே இருந்தார். பிறகு மறுபடியும் விரல்களில் ஆரம்பித்தார்.

இத்தனை நாளில் நான் எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று அம்மா அளந்து பார்க்கிறார் என நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும் என்று, அவருக்குத் தெரியாமல் குதிகாலை உயர்த்தி நின்றேன்.