வல்சலா விட்டுக்கொடுத்த முதல் துடுப்பு

"எடீ வல்சலே! கை எங்கடீ போகுது? என் வாத்துங்க இதைவிட ஒழுங்கா வரிசையில போகும்!"

சிசிலிச் சேச்சியின் குரல் காயலைத் தாண்டி அக்கரைத் தென்னைகள் வரை கேட்டது. முன்னூறு வாத்துகளை மேய்க்கிறவள். குரல் சின்னதாக இருந்தால் பிழைக்க முடியுமா? முப்பது பெண்கள் துடுப்பு போடும் அந்தப் படகுக்கு அவள்தான் கேப்டன்.

வல்சலா துடுப்பை மறுபடி நேராகப் பிடித்தாள். படகின் மூக்கில் உட்கார்ந்து முதல் துடுப்பு போடுகிறவள் அவள். அவள் கை விழும்போது பின்னால் இருக்கும் இருபத்தொன்பது கைகளும் விழ வேண்டும். அன்று காலை மூன்று முறை அவள் கை தாமதமாக விழுந்தது. மூன்று முறையும் துடுப்புகள் மடார் மடார் என்று மோதின. கடைசி மோதலில் பின்னால் இருந்த ரத்னம்மாவின் விரல் நசுங்கி ரத்தமே வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ரத்னம்மா விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த 'ஒண்ணுமில்ல'தான் வல்சலாவின் நெஞ்சைக் கிழித்தது. படகுப் போட்டிக்கு இன்னும் பன்னிரண்டே நாள்!

அவளுக்கு மட்டும் காரணம் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மழையில், அறுவடைக்கு ஒரே வாரம் இருக்கும்போது, வெளிவரம்பு உடைந்து அவர்களுடைய வயல் முழுவதும் காயலோடு காயலானது. முற்றிய நெல் மிதந்து போவதை இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தாள் வல்சலா. வெள்ளம் வடிந்தது. அவளுக்குள் வடியவில்லை. ஆறு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை, தலை வாரவில்லை. புருஷன் பொன்னப்பன், படகு வீட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் மீன் பொரித்துப் போடுகிறவன், தன் மனைவிக்கு ஒரு வாய் சோறு ஊட்ட முடியாமல் சமையலறையில் நின்று அழுதான்.

பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஷாஹினா. தினம் ஒரு வெள்ளை மாத்திரை. வாரம் ஒரு நாள் பேச்சு. "வீட்டுக்குள்ளேயே இருக்காதீங்க, நாலு பேரோட சேருங்க" என்று அவர் சொன்னதால்தான் வல்சலா இந்தப் படகில் ஏறினாள். கடைசி வரிசையில் ஆரம்பித்து இரண்டே வருடத்தில் முதல் துடுப்புக்கு வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து எதிலுமே முதலாக நின்றதில்லை அவள். அந்த இடம் கிடைத்த நாளில் பொன்னப்பன் வாழைப்பழ பஜ்ஜி போட்டு தெருவுக்கே கொடுத்தான்.

மாத்திரை விஷயம் மட்டும் படகில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால்? 'தலைக்கு மருந்து தின்கிறவள் கையை நம்பியா துடுப்பு போடுகிறோம்?' என்று கேட்க மாட்டார்களா?

தப்பு நடந்தது மலையாளத்து ஆடியான கர்க்கடகம் பிறந்த அன்று. அந்த மாதம் எல்லா வீட்டிலும் மருந்துக் கஞ்சி கொதிக்கும். பொன்னப்பன் ஞவரை அரிசியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மூலிகையும் போட்டு, பக்குவமாக இறக்கி, ஆற்றிக் கொண்டுவந்தான்.

"இது உடம்பையே புதுசாக்கிடும் வல்சலே. அந்த மாத்திரையை இந்த மாசம் ஓரமா வை. ஒரே வயித்துல ரெண்டு மருந்து கூடாதுல்ல?"

"நான் இப்ப நல்லாத்தான் இருக்கேன் சேட்டா. எதுக்கு இனிமே மாத்திரை?" என்றாள் அவளும்.

அன்பாகத்தான் கொடுத்தான். அன்பாகத்தான் குடித்தாள். இரண்டாவது வாரம் தூக்கம் போனது. தலை சுற்றியது. காலையில் எழுந்ததும் காரணமில்லாமல் அழுகை வந்தது. நெல் மிதந்த அந்தப் பழைய தண்ணீர் மறுபடி காலடியில் ஏறுவது போலிருந்தது.

ரத்னம்மாவின் விரலில் கட்டுப் போட்ட துணியைப் பார்த்த அன்றே வல்சலா டாக்டரிடம் போனாள். பொன்னப்பனும் கூடவே வந்தான்.

"நான்தான் டாக்டர்! என் கையாலேயே கெடுத்துட்டேன்!" என்று அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"கஞ்சியை யாரும் குறை சொல்லலை பொன்னப்பன் சேட்டா. கஞ்சியும் குடிக்கட்டும், மாத்திரையும் போடட்டும். நல்லா இருக்கறதே மாத்திரையாலதான்னு தோணலையா? நிறுத்தணும்னா நான் சொல்றப்ப, கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்."

"போட்டி, டாக்டர்?" என்றாள் வல்சலா.

"பழையபடி ஆக ரெண்டு மூணு வாரம் ஆகும். படகுல ஏறுங்க, அது உங்களுக்கு நல்லது. ஆனா இப்ப முப்பது பேர் உங்க கையைப் பார்க்கணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

வழியெல்லாம் வல்சலா யோசித்துக்கொண்டே வந்தாள். முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே உட்காரலாம். இன்னொரு விரல் நசுங்கினால்? காரணம் சொல்லாமல் இடத்தை விடலாம். அப்புறம் எத்தனை நாள் ஒளிந்துகொண்டிருப்பது?

மறுநாள் காலை எல்லோரும் படகில் ஏறுமுன், படித்துறையில் நின்று சொல்லிவிட்டாள். மாத்திரையை, ஆறு மாதக் கட்டிலை, கஞ்சியை, எல்லாவற்றையும். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "விரல் ஆறினதும் ரத்னம்மாவை முன்னாடி உட்கார வை சேச்சி. என்னைப் பின்னாடி போடு. இறங்கிப் போன்னு மட்டும் சொல்லிடாதே."



சிசிலி இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு சுகரு, அவளுக்கு பிரஷரு, இவளுக்கு தைராய்டு. மாத்திரை போடாத மகாராணி யாராவது இருந்தா முன்னாடி வாங்கடீ, கும்பிட்டுக்கறேன்!"

சிரிப்பு வெடித்தது. வல்சலாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஆனா ஒண்ணு" என்று சிசிலி அவள் காதைப் பிடித்துத் திருகினாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அவ விரல் தப்பிச்சிருக்கும். இனிமே தூங்கலைன்னா தூங்கலைன்னு வந்து சொல்லணும். புரிஞ்சுதா?"

போட்டி நாளில் கரை முழுவதும் குடைகளும் கூச்சலுமாக இருந்தது. கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் வல்சலா. முன்னே ரத்னம்மாவின் கை உயர்ந்தது, வரிசை முழுவதும் உயர்ந்தது. அப்போதுதான் பார்த்தாள். முதல் துடுப்பில் இருந்த நாளெல்லாம் அவள் கண்ணில் பட்டது தண்ணீர் மட்டும்தான். இங்கிருந்து பார்த்தால் இத்தனை முதுகுகள்! ஒருத்தியின் பின்னலில் நந்தியாவட்டை, ஒருத்தியின் ரவிக்கையில் அவசரத் தையல், ஒருத்தியின் கழுத்தில் வழியும் வியர்வை. எல்லா முதுகுகளும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்ந்தன. யோசிக்கவே தேவையில்லாமல் வல்சலாவும் அவற்றோடு குனிந்து நிமிர்ந்தாள்.

நான்காவதாகத்தான் வந்தார்கள். கரையில் பொன்னப்பன் என்னவோ கோப்பையையே வென்றுவிட்டது போலத் துள்ளினான்.

வல்சலா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, ரத்னம்மா வந்து நின்றாள். காயம் ஆறிய விரலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா... எந்தக் கிழமை பார்ப்பாங்க?"

வல்சலா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஏன், எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வியாழக்கிழமை. காலையில முதல் படகுக்கு வந்துடு, நானும் போகணும்."