அக்கரைத் துப்பாக்கி

தேங்காய் எண்ணெயும் கருகிய வெடிமருந்தும் கலந்த ஒரு வாசனை, கார்த்திகை மாதம் முழுக்க எங்கள் வீட்டு முன்கூடமான ‘பட்டாசாலை’யில் நிற்கும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூங்கில் குச்சியில் பழந்துணியைச் சுற்றி, துப்பாக்கியின் இரண்டு குழல்களுக்குள்ளும் மாற்றி மாற்றி விட்டு இழுப்பார். பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்காத மனிதர், அந்த இரும்பை மட்டும் தடவித் தடவித் துடைப்பார். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பழைய காலம் இனிப்பதில்லை, வயிறு எரிகிறது.

அது சாதாரண ரெட்டைக்குழல் துப்பாக்கி இல்லை. எங்கள் திருச்சுழிப் பக்கத்தில் அப்போது லைசென்சு வைத்திருந்த மற்றவர்களுடைய துப்பாக்கிகள் முயலுக்கும் கவுதாரிக்கும் ஆனவை. கொஞ்சம் தூரம் தாண்டினால் ரவை நாலாபக்கமும் சிதறி வீணாகிவிடும். இதுவோ, நடுத்தண்ணீரில் எட்டாத தூரத்தில் இறங்கும் பறவைகளுக்கென்றே சீமையில் செய்தது. குழல் நீளம், வாய்ப் பக்கம் ஒடுக்கம், அதனால் ரவை சிதறாமல் கூட்டமாகப் போகும். தோட்டாவும் மற்றதைவிட நீளம், மருந்தும் கூடுதல், ரவையும் பெரிது. தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. காட்டுப்பன்றியிடமிருந்து கடலைக்காட்டைக் காப்பாற்ற என்று எழுதிக் கொடுத்து அப்பா லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். அது ஒரு பன்றியைச் சுட்டு நான் பார்த்ததில்லை. கண்மாயின் இந்தக் கரையில் நின்று சுட்டால் அந்தக் கரையில் ரவை விழும் என்பதால் ஊரில் அதற்கு ‘அக்கரைத் துப்பாக்கி’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அப்பாவுக்கு மீசை தானாக முறுக்கிக்கொள்ளும்.

அக்கரையில் ஆட்கள் இருப்பார்களே என்ற நினைப்பு யாருக்கும் இல்லாமல் இல்லை. அதற்கென்று ஒரு வழக்கமே இருந்தது. மழை பெய்து கண்மாய் நிறைந்து, ‘சிறகி’ வாத்துகளும் ‘நாமக்கோழி’களும் வந்து இறங்கியபின், அப்பா சுடப் போகும் காலையில் ஒருவர் மடை மேல் ஏறி நின்று சிவப்புத் துண்டை வீசி, ‘வெடீ... வெடீ...’ என்று மூன்று தடவை கத்த வேண்டும். அக்கரையில் ஆடு மேய்ப்பவர்களும் கோரை பிடுங்குகிறவர்களும் அதைக் கேட்டதும் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் பறவைகளும் எழும்பிவிடும், சுற்றிச் சுற்றி வந்து மறுபடி உட்கார அரை மணி நேரம் ஆகும், அதுவரை சும்மா காத்திருக்க வேண்டும். செலவு அந்த அரை மணி நேரம் மட்டும்தான். எனக்கு ஒன்பது வயதான வருஷம், தொண்டை பெரிது என்று சொல்லி, துண்டு வீசும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார்.

அன்றைக்கு டவுனிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்திருந்தார். பளபளவென்று பூட்ஸ் போட்டிருந்த அவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மடை மேல் ஏறினேன். அக்கரையில் ஒரு பச்சைப் பாவாடை தெரிந்தது. பேச்சிதான் அது, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள், எங்கள் நிலத்தில் வேலை பார்த்தவரின் மகள், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றாள். நான் துண்டைத் தூக்கினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்.

“சத்தம் போடாத. எந்திரிச்சிரும். சார் எம்புட்டு நேரந்தான் காத்திருப்பாக?”

“அப்பா, அங்கிட்டுப் பேச்சி நிக்கிறா.”

“அம்புட்டுத் தூரம் ரவை எங்கிட்டுப் போகப்போகுது? சும்மா இரு.”

அக்கரைக்குப் போகும் என்று வாழ்நாளெல்லாம் மார்தட்டியவர் சொன்ன வார்த்தை இது. இதை நினைத்து நினைத்து இத்தனை வருஷமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்குத் தெரியும். தெரியாது என்று எந்தக் கோயிலில் வந்து சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிகாரியின் அரை மணி நேரம் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது, பேச்சி பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு குழலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார். மூன்று பறவைகள் தண்ணீரில் மல்லாந்தன. அதிகாரி கை தட்டினார். அக்கரையில் ஆடுகள் சிதறி ஓடின. பச்சைப் பாவாடை மட்டும் ஓடாமல், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அதே ஜீப்பில் அவளை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வரும்போதே அப்பா ஒரு கதையோடு வந்தார். ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடும்போது கருவேல முள் குத்திவிட்டதாம். பேச்சியின் அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நீங்க சொன்னாச் சரிதான் மொதலாளி” என்றார். வேலைக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு மதுரை வரை ஓடிய தங்கமான மனுஷன் என்று ஊரே அப்பாவைப் புகழ்ந்தது. அவர் அதையும் வாய் கூசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி இரண்டு பறவைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை எங்கள் வீட்டுக்கு விட்டுப் போயிருந்தார். அம்மா குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன். கறியில் ஒரு ரவை என் பல்லில் கடிபட்டது. துப்பிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். மறுநாள் வகுப்பில் வாத்தியார், “பேச்சிக்கு என்னம்மா ஆச்சு?” என்று என்னைத்தான் கேட்டார். எழுந்து நின்று, “முள்ளு குத்திருச்சு சார்” என்றேன். அந்தப் பெரிய தொண்டையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் அதுதான். ஒரு மாதம் கழித்து வந்த பேச்சி வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

துப்பாக்கி நன்றாகத்தான் இருந்தது. எலெக்சன் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அது திரும்பி வரும்வரை அப்பாவுக்குச் சோறு இறங்காது. பேச்சிக்காக அவர் ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருந்ததில்லை.

அப்பா போன வருஷம் இறந்தார். தம்பி முறைப்படி எழுதிக் கொடுத்து, இனிச் சுட முடியாதபடி குழல்களை அடைத்து, அருப்புக்கோட்டையில் கட்டியிருக்கும் புது வீட்டு ஹாலில் அதை மாட்டப்போகிறான். “அக்கா, அதுக்குக் கீழ பிரேம் போட்டு மாட்டணும். நம்ம பாரம்பரியத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. நீதான டீச்சரு” என்று போன் செய்தான்.

எழுதுவதற்கு முன் ஊருக்குப் போனேன். நூறு நாள் வேலை முடித்துவிட்டு வந்து, பேச்சி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷம் தொண்டையில் கிடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவள் மற்றொரு காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

“எனக்குத் தெரியாதாக்கும்? ஆஸ்பத்திரில எடுத்தத எங்காத்தா சாகுற வரைக்கும் முந்தானைல முடிஞ்சு வச்சிருந்துச்சு. முள்ளு உருண்டையாவா இருக்கும்?”

“பெறகு ஏன் பேச்சி யாருட்டயும் சொல்லல?”

“நான் சொன்னா யாரு கேப்பா? கூட இருந்தவ நீ, நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ இம்புட்டு நாளா வரவே இல்ல.”

எழுதப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“எழுதுனா என் பேரப் போட்டு எழுது. எவளோ ஒரு புள்ளைன்னு எழுதிறாத.”

எழுதினேன். தம்பி படித்துவிட்டு, குடும்ப மானத்தை வாங்கப் பார்க்கிறாயா என்று கத்திப் போனை வைத்துவிட்டான். அதனால்தான் இதை உங்கள் முன்னால் வைக்கிறேன். கண்மாயில் இப்போது சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது, தண்ணீர் இரண்டு மாதம் நின்றால் அதிகம், சிறகிகள் வருவதில்லை. அதற்காக வருத்தப்பட ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதிய பக்கத்தில் வேறொன்று போனதைச் சொல்லியிருக்கிறேன். அதன் முதல் வரி: ‘இந்தத் துப்பாக்கி சுட்டதில் பேச்சியம்மாளுக்கு இடது கண் போனது.’ தம்பி, மாட்டுவதானால் இரண்டையும் சேர்த்து மாட்டு. முடியாதென்றால் அந்த ஆணியைப் பிடுங்கு.