அபோண்டியின் கூரை

அபோண்டி தன் வீட்டுக் கூரைமேல் ஏறிய அன்று, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் பிறந்து நர்ஸானவள் ரோசலின் அடேரா. பிரசவம் பார்க்கப் போன வழியில் ஆற்று வெள்ளத்தோடு போய்விட்டாள். அவளோடு படித்தவர்கள் சேர்ந்து அவள் பெயரில் எங்கள் ஊரில் ஒரு தையல் பள்ளி நடத்துகிறார்கள். அதில் நான் டீச்சர். ஆறு மாதம் படித்து முடித்தால் ஒரு தையல் மிஷின் சொந்தம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நைரோபியிலிருந்து அதிகாரியம்மா வந்து வீட்டைப் பார்ப்பார், கூரை ஒழுகக் கூடாது. மிஷின் துருப்பிடித்துவிடும் என்பது அவர்கள் கவலை. நல்ல மனதோடு எழுதிய நிபந்தனைதான். எழுதியவர்களுக்கு எங்கள் ஊர் விதவையின் கூரையைப் பற்றித் தெரியாது, அவ்வளவுதான்.

எங்களில் புருஷன் செத்தவள் வீட்டுக் கூரையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். புருஷன் வகையில் ஒரு ஆண் வந்து, தான் போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி அவள் வீட்டு ஆணியில் மாட்டி, அவளை மனைவியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தக் கூரைக்கு ஆள் ஏறும். பெண்ணே ஏறினாலோ, அண்ணன் தம்பி வீடுகள் சேர்ந்த அந்த வளவில் சாவு விழும் என்பார்கள். என் புருஷன் போனபோது நான் மறுபேச்சு பேசாமல் ஒரு கோட்டை மாட்டவிட்டேன். என் கூரை ஒழுகுவதில்லை.

அபோண்டியின் புருஷன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். கோட்டோடு வந்து நின்றவன் கொழுந்தன் ஒக்வாங். இரண்டு மனைவிகளை இருமி இருமிச் சாகக் கொடுத்தவன், மூன்றாமவளும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். என்ன நோய் என்று ஊருக்கே தெரியும், வாயால் மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அபோண்டி சொன்னாள்.

“ஆஸ்பத்திரில ரத்தத்தைச் சோதிச்சுட்டு வா. சீட்டைக் காட்டு. அப்புறம் உன் கோட்டை மாட்டு.”

“என்ன அண்ணி, மாடு வாங்கற மாதிரி பல்லைப் பிடிச்சுப் பாக்கறீங்க?”

“மாடு வாங்கினாலும் பாத்துத்தான வாங்கறோம்? எனக்கு ஒண்ணுமில்லைன்னு சீட்டு இருக்கு. ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் சாகறதா இல்ல.”

அவன் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு போனான். சீட்டு வரவில்லை. மழை வந்தது.

என் வகுப்பில் அபோண்டியின் கை அபாரமான கை. ஒரு தடவை காட்டினால் போதும், காலர் கச்சிதமாக உட்காரும். மிஷின் கிடைத்தால் பள்ளிச் சீருடை தைத்தே பிள்ளைகளைக் கரையேற்றிவிடுவாள், எந்த ஆணின் தயவும் வேண்டாம். அது எனக்கும் தெரியும், ஒக்வாங்குக்கும் தெரியும். அதிகாரியம்மா வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் தச்சன் ஒவாகாவிடம் போய்க் கெஞ்சினாள்.

“ஏம்மா, என்னைக் கொல்லப் பாக்கறியா? முதல்ல கோட்டை மாட்டச் சொல்லு. அன்னிக்கே ஏறித் தர்றேன், கூலிகூட வேண்டாம்” என்றான் அவன்.

மறுநாள் ஊரே ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தது. அவள் என்னிடம் வந்தாள்.

“டீச்சர், ஏணியைப் பிடிச்சுக்கிட்டா போதும். நான் ஏறிக்கறேன்.”

“பைத்தியமாடி உனக்கு?”

“மேல ஏறினா சாவு வரும்ங்கறாங்க. ஏறாட்டி எனக்குச் சாவுதான? எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவளோடு போய் ஏணியைப் பிடித்தேன். ஓட்டையாய்ப் போன இரண்டு தகரங்களைப் பிடுங்கிப் புதிதாக இரண்டை அடித்தாள். இறங்கும்போது பாவாடை கிழிந்து, முழங்காலில் ரத்தத்தோடு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

மிஷின் வந்தது. ஏழு வாரம் தைத்தாள்.

எட்டாவது வாரம், அதே வளவில் இருந்த ஒக்வாங்கின் கடைசிக் குழந்தை காய்ச்சலில் செத்தது. அந்த மழையில் எங்கள் பக்கம் எத்தனையோ குழந்தைகள் காய்ச்சலில் செத்தன. ஆனால் அந்த வளவில் பளபளவென்று இரண்டு தகரம் இருந்ததே. பெரியவர்கள் மாமரத்தடியில் கூடினார்கள்.

“நீயா ஏறின?”

“நான்தான்.”

“ஏணியைப் பிடிச்சது யாரு?”

நான் பெண்கள் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றேன். அபோண்டி என் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

“யாருமில்ல. சுவத்துல சாத்தி ஏறினேன்.”

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அன்றே கூரையைப் பிடுங்கினார்கள். பிள்ளைகளை ஒக்வாங்கின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள், பிள்ளைகள் குலத்துச் சொத்தாயிற்றே. சீருடைத் துணி கொடுத்தவர்கள் வந்து திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கூரையில்லாத நான்கு சுவருக்குள், மிஷின்மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, தான் மழையில் உட்கார்ந்திருந்தாள். சின்னவன் அம்மா அம்மா என்று அழுவது அடுத்த வீட்டிலிருந்து கேட்கும். பதினோரு நாள் தாங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் ஒக்வாங் கோட்டை மாட்டினான். ரத்தச் சீட்டை யாரும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒவாகா கூரையை அடித்து முடித்தான். சொன்னபடியே கூலி வாங்கவில்லை. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வருடம் அதிகாரியம்மா மறுபடி வந்தார். அவருக்கு எங்கள் பாஷை தெரியாது, பேச்சை மாற்றிச் சொல்ல நான் கூடப் போனேன். அபோண்டி பாதி ஆளாகியிருந்தாள். பேச்சுக்கு நடுவே இருமினாள். அதிகாரியம்மா கூரையை அண்ணாந்து பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டார். மிஷினைத் தடவிப் பார்த்தார், துரு இல்லை. பிறகு ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“இந்தக் கோட்டும் இவங்க தைச்சதா?”

நான் அதை அபோண்டிக்குச் சொன்னேன். அவள் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், மாமரத்தடியில் பார்க்காத பார்வையையும் சேர்த்து.

“நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்றாள்.

நான் அதிகாரியம்மாவிடம், ஆமாம் என்றேன்.