பதினொரு வீட்டு ஊர்

போன வருடம் புரட்டாதி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. டென்மார்க்கில் நான் வசிக்கும் பிராண்டேயில் இருந்து தெற்கே இரண்டு மணித்தியாலம் தனியாகக் காரோடி, எல்லையைத் தாண்டி, ஜெர்மனியில் பதினொரு வீடுகள் மட்டுமே உள்ள ஓர் ஊருக்குப் போனேன். கடை இல்லை, தேவாலயம் இல்லை, பள்ளிக்கூட பஸ்ஸைத் தவிர வேறு பஸ்ஸும் இல்லை. அங்கே போக ஆசைப்பட்டவர் நானில்லை, என் கணவர்.

அவர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது முதலில் ஜெர்மனிக்குத்தான் வந்தார். அகதியாகப் பதிந்தவரை, வேறு மூன்று தமிழ்ப் பெடியங்களோடு, அந்த ஊரின் மூடிப்போன பள்ளிக்கூடத்தில் இருத்தினார்கள். எட்டு மாதம் இருந்தார். பிறகு தமையன் இருந்த டென்மார்க்குக்கு வந்து, காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை எடுத்து, என்னையும் கூப்பிட்டார். வாழ்க்கை எங்கெங்கோ போய்விட்டது, அந்த எட்டு மாதக் கதை மட்டும் முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் கடை விளம்பரத் தாள் ஒன்று கிடந்தால் போதும், அதன் பின்பக்கத்தில் படம் கீறத் தொடங்கிவிடுவார். இது கடலணை, இது வாய்க்கால், இது பால் வண்டி வந்து எடுக்கப் பால் கான் வைக்கிற மேடை, இது நாங்கள் இருந்த பள்ளிக்கூடம். நான் அந்தத் தாளிலேயே வெங்காயத் தோலை உரித்துப் போடுவேன்.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கேட்பார். "இஞ்சரும், ஒருக்காப் போயிட்டு வருவம். ரெண்டு மணித்தியாலம்தானே."

"அங்கை ஆர் இருக்கினம் எங்களுக்கு?" என்பேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு. லண்டனில் தங்கச்சி, பாரிசில் மச்சாள், கனடாவில் சித்தப்பா. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா. பாரிசுக்குப் பத்துத் தரமாவது போயிருப்போம், எனக்குத் தெரிந்த பாரிஸ் என்றால் மச்சாள் வீட்டுக் குசினிதான். சொந்தக்காரர் இல்லாத இடத்துக்கு வெளிக்கிடுவது எங்களுக்கு விசர் வேலை. மனுசன் அதற்காக ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. "சரி, அடுத்த வருசம் பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் மார்கழியில், வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவர் வாசலிலேயே விழுந்தார். மாரடைப்பு. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு காரின் பத்திரங்களை எடுக்கப் போனேன். முன் பெட்டிக்குள் அந்தப் படம் இருந்தது, பதிவுப் பத்திரத்தோடு சேர்த்து நாலாய் மடித்து. நான் ஒரு நாள் ஓம் என்று சொல்லிவிட்டால் உடனே வெளிக்கிட வேண்டும் என்று வைத்திருந்திருக்கிறார். செத்தவீட்டில் வராத அழுகை அன்றைக்குக் காருக்குள் வந்தது.

அதற்குப் பிறகும் போகத் துணிவில்லை. அங்கே போய், பள்ளிக்கூடமும் இல்லை, அவரை நினைவு வைத்திருக்க ஒருவரும் இல்லை என்று தெரிந்துவிட்டால்? அந்த எட்டு மாதமும் அவரோடு சேர்ந்து செத்துவிடும். நான் ஒரு தரம் கூடக் கூட்டிக்கொண்டு போகாத குற்றம் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பயத்திலேயே ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்தேன். கடைசியில் மகளிடம் சொன்னபோது தானும் வருவதாக டேனிஷில் சொன்னாள். "இல்லைப் பிள்ளை, இதுக்கு நான் தனியப் போறன்" என்றேன்.

ரீபே நகரம் தாண்டியதும் நிலம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகிவிட்டது. எல்லையைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் போனிலிருந்த வழிகாட்டி என்னை ஒரு மாட்டுப் பண்ணைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பு, திரும்பு என்றது. அதை நிற்பாட்டிவிட்டு அவரின் படத்தை எடுத்து விரித்தேன். பிறகு பார்த்தால் படமும் தேவைப்படவில்லை. வலப்பக்கம் கடலணை, அதற்கு இந்தப் பக்கம் நேர்கோடாய் வாய்க்கால்கள். வயல்களுக்கு வேலி இல்லை, வாய்க்கால்தான் எல்லை. வீடுகள் எல்லாம் ஒரு மண்மேட்டின் மேல் நெருக்கமாய் நின்றன. பால் கான் மேடை இருந்த இடத்தில் சீமெந்துத் துண்டு ஒன்று கிடந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டு காதில் வாங்காத கதையெல்லாம் எனக்குப் பாடமாகத்தான் இருந்திருக்கிறது.

பள்ளிக்கூடமும் இருந்தது. அதன் முன்னால் என்னைவிடப் பத்து வயது கூடிய ஒரு பெண் வேலிச்செடியை வெட்டிக்கொண்டு நின்றார். கார் இலக்கத்தைப் பார்த்துவிட்டு டேனிஷில் கதைத்தார். எல்லைக்கு அந்தப் பக்கமும் டேனிஷ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, அவரும் அதில் ஒருவர். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு மேசை நிறையத் தடித்த கோப்புகள். அந்த ஊரின் சரித்திரம். அந்தப் பெண்ணின் தகப்பன் எழுதத் தொடங்கி, அவருக்குப் பிறகு இவர் எழுதுகிறாராம். கடல் உள்ளே வந்து மாடுகளைக் கொண்டுபோன காலத்தில் மண் சுமந்து அந்த மேட்டைக் கட்டினார்களாம். ஊர் டென்மார்க் அரசருக்குக் கீழே இருந்து, பிறகு ஜெர்மனிக்குப் போய், எந்த நாட்டோடு சேர்வது என்று நூறு வருடங்களுக்கு முன் நடந்த வாக்கெடுப்பில் ஜெர்மனியோடேயே நின்றுவிட்டது. அதன் பிறகு வீடு வீடாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள், எப்போது இறந்தார்கள்.

ஏழாம் வீடு பள்ளிக்கூடம். முதலில் வாத்தியார்மாரின் பெயர்கள், பிறகு இரண்டாம் உலகப் போரில் கிழக்கேயிருந்து ஓடிவந்த குடும்பங்கள். அடுத்த பக்கத்தில் நாலு தமிழ்ப் பெயர்கள். மூன்றாவது என் கணவருடையது. அந்தப் பெண் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

பெயர்களுக்குக் கீழே தன் தகப்பன் எழுதியிருந்த குறிப்பை அவர் எனக்கு டேனிஷில் வாசித்தார். புயலில் அணை கசியத் தொடங்கிய ஒரு காலை, பள்ளிக்கூடத்தில் இருந்த நாலு பேரும் யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நின்றார்கள், அதில் ஒருவர் செருப்போடு வந்தார் என்று இருந்தது. செருப்போடு போனது யார் என்று எனக்குத் தெரியும். பிராண்டேயில் பனிக்குள்ளும் செருப்போடு போய்த்தான் தபால் எடுப்பார், நான் கத்தாத நாளில்லை. அணைக்குப் போன கதையை மட்டும் அவர் எனக்குச் சொல்லவே இல்லை. சொல்ல வந்தபோது நான்தான் காது கொடுக்கவில்லையோ என்னவோ.

மற்ற மூவரும் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அவரின் வரியில் டென்மார்க் என்பதோடு நின்றது. அந்தப் பெண் பேனையை என் கையில் தந்தார். இறந்த திகதியை எழுதினேன். பக்கத்தில் அவரின் பெயரைத் தமிழிலும் எழுதினேன்.

"உங்கள் பெயரையும் எழுதுங்கள், இங்கே மனைவியின் பெயரையும் எழுதுவது வழக்கம்" என்றார்.

"நான் இங்கே ஒரு நாளும் இருக்கவில்லையே, வந்ததும் இல்லையே."

"இன்றைக்கு வந்திருக்கிறீர்கள்" என்றார்.

ஏழாம் வீட்டில், அவரின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

இந்த வருட விடுமுறைக்குப் பாரிஸ் மச்சாள் கூப்பிட்டாள். நான் அந்த ஊருக்குத் திரும்பவும் போகப்போகிறேன் என்றேன். "அங்கை ஆர் இருக்கினம் உனக்கு?" என்று கேட்டாள். "அவர் இருக்கிறார்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, நானும் விளங்கப்படுத்தவில்லை. இப்போது வழி எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஒரே ஒரு தரமாவது அவரைப் பக்கத்து சீட்டில் இருத்தி, அவர் வழி சொல்ல நான் கார் ஓடியிருக்கலாமே என்ற ஏக்கம் அந்த இரண்டு மணித்தியாலமும் என்னோடு கூட வரும்.