பன்னிரண்டு மில்லிகிராம்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக்சைடுப் பொடியை அழுத்தி வில்லையாக்கி, எடை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அந்த வில்லைமேல் நியூட்ரான்களைப் பாய்ச்சி, அதில் எத்தனை அகப்படுகின்றன என்று விஞ்ஞானிகள் எண்ணி, எடையால் வகுப்பார்கள். நட்சத்திரத்துக்குள் கனமான தனிமங்கள் உருவாகும் கணக்குக்கும், அணு உலை கட்டுகிறவர்களுக்கும் அந்த எண் வேண்டும். எடை தப்பினால் எல்லாம் தப்பு. இருபத்தொன்பது வருடத்தில் அக்கா போட்ட எடை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சம் உண்டு, இருக்கட்டுமே.

இந்த முறை வந்த எண் பழையதைவிட நான்கு சதவீதம் குறைவு. புதுக் கண்டுபிடிப்பு! குழுத்தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை அறிவிப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மதியம், சோதனை முடிந்து வந்த வில்லையை அலமாரியில் வைக்குமுன் அக்கா வழக்கப்படி மறுபடி எடை பார்த்தார். முந்நூறு மில்லிகிராம் இருக்க வேண்டியது இருநூற்று எண்பத்தெட்டு காட்டியது. விளிம்பு எங்கும் உடையவில்லை. மூன்று முறை பார்த்தும் தராசு மசியவில்லை. அப்போதுதான் உறைத்தது. மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்த அன்று, பொடியை அடுப்பில் உலர்த்தாமலே அவசரமாக அழுத்திக் கொடுத்துவிட்டு ஓடியிருந்தார். பொடி காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கிறது. நியூட்ரான் பாயும் குழாயில் வைத்துக் காற்றை உறிஞ்சியெடுத்தபோது அந்த நீர் போய்விட்டது. தாளில் மட்டும் நீரும் சேர்ந்த எடை. இல்லாத பொடியை இருப்பதாக வைத்து வகுத்தால் எண் குறையாமல் என்ன செய்யும்?

திரும்பி வரும் வில்லையின் எடையை வேறு யாரும் பார்ப்பதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். இது வெறும் பன்னிரண்டு மில்லிகிராம். ஆனாலும் அக்கா எடைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்து தலைவர் அறைக்குப் போனார்.

“சார், எடை தப்பு. உலர்த்தாம குடுத்துட்டேன். நாலு சதவீதம்.”

தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்ப பழைய எண்ணுதான் சரியா?”

“ஆமா சார்.”

“நீங்க சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேக்கா...”

அறிவிப்பு நின்றது. இனி இந்த வேலை வேறு ஆளுக்குத்தான் என்று அக்கா முடிவுகட்டி, இரண்டு நாளும் பேரனைக்கூடத் தூக்காமல் கிடந்தார்.

திங்கள் காலை தலைவர் ஒரு புதுப் பொடிக் குப்பியைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். முகம் இன்னும் வாடித்தான் இருந்தது.

“நாளைக்கு வில்லை வேணும்.”

“நானேவா சார்?”

“பின்ன, வேற யாரு போட்டா நான் நம்புவேன்?”

அக்கா குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நாளைக்கு முடியாது சார். காயணும். நாளன்னைக்குத் தர்றேன்.”

தலைவர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் அக்கா உட்கார்ந்து அழுதார்.